இருபத்திரண்டாவது கோடு

போர்ட் லிங்கன். செவ்வாய்க்கிழமை மத்தியானம்.
டிராகித்சாவின் சமையல் மேசையில்
கைதுடைக்கும் துணியின்மேல் கிடந்தது அது.

அறுபத்தெட்டில் ஆன்டே வாங்கியபோதே பழசு.
கடற்படையை விட்டு வந்தவன் ஒருவன்
நாற்பது டாலருக்குத் தள்ளிவிட்டான்.
அபலோனி எடுக்க முங்குகிறவனுக்குக்
கத்தி, கால்துடுப்பு, ஈயப் பட்டை,
அந்தச் சாமான்களோடு இதுவும் ஒன்று.

இன்றைக்குப் பதினாலாயிரம் என்கிறாள்.
பேரன் போனில் பார்த்துச் சொன்னானாம்.
போன வருஷம் ஒன்பது, அதற்கு முன் ஆறு.
"யோசித்துக்கொண்டே இரு,
அடுத்த வருஷம் இன்னும் கேட்பேன்."

உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டேன்.
கறுப்பு வளையம் வெயில் குடித்துக் குடித்துச்
சாம்பலாகியிருக்கிறது.
வெள்ளையாய்ப் பிறந்த மணிப்புள்ளிகள்
நெய் காய்ந்த நிறத்துக்கு வந்துவிட்டன.
ஏழுக்குப் பக்கத்தில் மயிரிழை விரிசல்.
தோளெல்லாம் பாறை உரசிய கீறல்,
ஒன்றைக்கூட யாரும் பாலிஷ் போட்டு அழிக்கவில்லை.
நெஞ்சு அடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான்.
அங்கே விரிசல் என்றால் கெட்ட செய்தி,
நிழல் என்றால் இன்னொரு டாக்டர்.
இந்த மேசையில்
விரிசலுக்கு ஆயிரம், வெளுப்புக்கு மூவாயிரம்,
துடைத்துப் புதுசாக்கினால் பாதி விலை போச்சு.
என் முழங்காலிடம் சொல்ல வேண்டும்.

கதிர் அளக்கும் கருவியை டயலருகே பிடித்தேன்.
டிக் டிக் டிக் என்று
நின்றுபோன கடிகாரத்துக்காக அது பேசியது.
ரேடியம்.
பூச்சின் ஒளி என்றோ தீர்ந்துவிட்டது,
இருட்டில் ஒரு மினுக்கும் கிடையாது;
கதிர் பாதியாகக் குறையவே
இன்னும் ஆயிரத்துச் சொச்சம் வருஷம்.
"கடிக்குமா?"
"திறந்து சுரண்டாதவரை கடிக்காது."
"ஆன்டேயும் அப்படித்தான்" என்றாள்.

பிறகுதான் வளையத்தைக் கவனித்தேன்.
முக்கோணம் இருபத்திரண்டில் நின்றது.
முங்குமுன் அதைத் திருப்பிப்
பெரிய முள்ளுக்கு நேரே வைப்பார்கள்,
கீழே எத்தனை நிமிஷம் போயிற்று என்று தெரிய.
அப்படியானால்
ஏதோ ஒரு மணி இருபத்திரண்டு நிமிஷத்துக்குப்
படகின் விளிம்பிலிருந்து பின்பக்கமாய்ச் சரிந்திருக்கிறான்
கடைசித் தடவையாக.
வெள்ளைச் சுறா உலவும் குளிர்ந்த பச்சைத் தண்ணீர்.
இரும்பால் நெம்பும் கை.
மேலே காற்றுக்குழாயைவிட்டுக் கண்ணெடுக்காத ஒரு பையன்.

எனக்கு நீச்சல் தெரியாது.
கணுக்காலுக்கு மேல் கடலை ஏற விட்டதில்லை.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லி வளர்த்தார்கள்;
ஆழம் தெரிந்த கடிகாரங்கள்
எட்டு வைத்திருக்கிறேன், டிராயரில்.

இந்த வளையத்தை இனி ஒருவரும் திருப்பக் கூடாது
என்று எனக்குள் முடிவாகிவிட்டது.
பதினாலே சரி என்றேன்.
பேரம்கூடப் பேசவில்லை, குரல் கம்மிவிட்டது.

டிராகித்சா அதை எடுத்து
நறநறவென்று ஒரு முழுச் சுற்று சுற்றினாள்.
"இதையா இப்படிப் பார்க்கிறாய்?
முட்டைக்கு வைத்தது. ஞாயிற்றுக்கிழமை.
இரண்டு குலுக்கு குலுக்கினால் ஓடும்.
அவன் கடலுக்குப் போவதை விட்டுப்
பத்தொன்பது வருஷம் டிவிதான் பார்த்தான்."

பணம் போய்ச் சேர நேரம் எடுத்தது.
பேங்க் என் பிறந்த தேதி கேட்டது,
அனுப்புகிறவரைத் தெரியுமா என்று அவளைக் கேட்டது.
அதுவரை கடிகாரத்தை அவள் கீழே வைக்கவில்லை.
கட்டைவிரல் வளையத்தைப் பல் பல்லாய்
முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தது.

பார்வையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அடுப்புப் பக்கம் திரும்பினேன்.
அடுப்பின் நெற்றியில்
பச்சை எண்களில் மணி இரண்டு பதினேழு.
அதற்கு மேலே சுவரில்
தட்டு அகலத்துக்கு ஒரு கடிகாரம்,
அதுவும் இரண்டு பதினேழு.
ஜன்னலோரம் ஒரு முட்டை டைமர்,
கோழி வடிவம்,
விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
ரசீது எழுதப் பேனா இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.