முழு முகவரி

ரூவியில் நான் உட்காரும் கடைக்கு டைப்பிங் சென்டர் என்று பெயர்.
விசா, லேபர் கார்டு, ஜெராக்ஸ், பாஸ்போர்ட் படம்.
வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மேல்
மூன்று கம்ப்யூட்டருக்கு ஒன்பது பேர்.

யாரும் முகவரி அடிப்பதில்லை.
பாங்க் என்று போட்டால் பாங்க் வரும்.
ரயில் என்று போட்டால் நாகர்கோவில் வண்டியே வரும்.
ஒருவர் தேடும் பெட்டிக்குள்
தேடும் பெட்டியின் பெயரையே தேடினார்.
வந்தது. சந்தோஷமாகத் தொட்டு
புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்.

பாக்கியதாஸ் மட்டும் அடிப்பார்.
சாரம் கட்டுகிற கை. ஒரே விரல்.
மூன்று டபிள்யூவில் ஒன்றையும் விடமாட்டார்.
புள்ளிக்குப் புள்ளி உதடு அசையும்.
கடைசியில் வரும் சாய்ந்த கோடு வரை
ரீசார்ஜ் அட்டையின் முதுகில்
பச்சை மையில் எழுதி வைத்திருந்தார்.

"பேரை மட்டும் போடுங்க, அதுவா வரும்."
"வரும். எது வரும்?"
அவர் அறையில் தங்கியிருக்கும் செய்யது மீரான்
விசா நிலவரம் தேடி, முதலில் வந்ததைத் தொட்டு
பன்னிரண்டு ரியால் கட்டினான்.
ரசீதும் வந்தது, முத்திரையெல்லாம் வைத்து.
ஓரத்தில் விளம்பரம் என்று போட்டிருந்ததாம்,
எறும்பு அளவில்.

அடித்தால் மட்டும் பத்திரமா?
போன மாதம் ஓர் எழுத்து நழுவி
சீட்டுக்கட்டும் சிரிக்கிற பெண்ணும் வந்து நின்றார்கள்.
பாக்கியதாஸ் எழுந்தேவிட்டார்,
அடுத்த வீட்டுக் கதவைத் திறந்துவிட்டவர் மாதிரி.
சாரி என்று வேறு சொன்னார், திரையிடம்.

அவர் அடிப்பது ஒரே ஒரு முகவரி.
கம்பெனியுடையது. சம்பளச் சீட்டு பார்க்கும் இடம்.
ஏழு மாதமாக
இந்தப் பக்கத்தை அடைய முடியவில்லை.
அட்டையைப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார்,
தப்பு தன் விரலில்தான் என்று
அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.
அரை மணிக்கு இருநூறு பைசா.
நான் வாங்கிக்கொள்வேன். கடை என் பேரில் இல்லை.

இந்த வெள்ளி அவர் போன பிறகு
என்னவோ தோன்றித் தேடினேன்.
கம்பெனி பேரில் எதுவும் இல்லை.
முதலாளி பேரில் யாரோ ஒரு கால்பந்துக்காரர்.
பழைய அடையாள அட்டையின் நகலில் பேக்ஸ் எண் இருந்தது,
அதைப் போட்டேன்.
நாலாம் பக்கத்தில், ஒருவரும் போகாத நாலாம் பக்கத்தில்
அதே மஞ்சள் கிரேன்,
கிரேனுக்குக் கீழே சாரத்தில் ஒரு நீலச் சட்டை.
பேர் மட்டும் வேறு.
முகவரியை நம்பியவனுக்கும் கிடைக்காது,
பேரைத் தேடியவனுக்கும் கிடைக்காது.
எண்ணை மாற்றத்தான் மறந்திருக்கிறார்கள்.

ஞாயிறு காலை வரச்சொல்லிக் காட்டினேன்.
படத்தை இரண்டு விரலால் விரித்தார்.
"இது நான்" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இந்த இடுப்புக் கொக்கி போட்டோவுக்கு மாட்டினது.
எடுத்ததும் கழட்டிக்கிட்டாங்க."

ஆபீஸ் எங்கே என்று கீழே தள்ளிப் பார்த்தோம்.
ஒரு தபால் பெட்டி எண், ஒரு பின்கோடு.
வரைபடத்தைத் தொட்டால் சிவப்பு ஊசி
வாடியின் நடுவில் குத்தி நின்றது,
மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடுகிற இடத்தில்.

அட்டையின் முதுகில் இடமில்லை.
என் பேனாவை வாங்கி உள்ளங்கையில் எழுதினார்
புதிய முகவரியை, டபிள்யூ மூன்றும் சேர்த்து.
சலூன் பையனைக் கடையில் உட்காரவைத்துவிட்டு
நானும் கிளம்பினேன்.

டாக்சி நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது.
பாக்கியதாஸ் கையை விரித்து நீட்டினார்.
ஓட்டுகிறவர் அதைப் பார்க்கவில்லை.
தனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டார்,
இந்த ஊரில் எல்லாரும் கேட்பதைத்தான்:
எதற்குப் பக்கத்தில்?