பாலத்தின் மூன்றாம் கண்

பண்ணைப் பாலத்தில் மூன்றாம் கண்ணுக்குக் கீழே
ஒன்று நிற்கிறது.
நான் முழுசாய்க் கண்டதில்லை.
கம்பத்து வெளிச்சம் தண்ணீரில் முடிகிற ஓரத்தில்
கொஞ்சம் கூடுதலாய் இருட்டு,
அவ்வளவுதான்.
சீலா என்கிறான் எமிலியான்,
முழங்கை வரைக்கும் காட்டி,
பிறகு யோசித்து, தோள் வரைக்கும் காட்டி.

டிப்போவில் இரவுக் கணக்கை ஒப்படைத்துவிட்டு
ஒன்பதரைக்கு வந்தேன்.
சோழகம் விழுந்திருந்தது. வற்றுநீர்.
இறால் துண்டு, தங்கூசி, விரல்.
கம்பு கிடையாது எனக்கு.
விரலுக்குத்தான் காது.

முதல் தட்டல் விளைமீன். தெரியும்,
கடன் கேட்க வந்தவன்போல
இரண்டு தரம் தட்டித்தான் எடுக்கும்.
இழுத்தேன். வந்தது,
பாரமாய், கோபமாய், பக்கவாட்டில் ஓடி,
திரும்பி,
ஒரு நொடி நூல் முழுவதும் மீனாகி
பிறகு லேசு.
அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கட்டுக்கு மேலே ஏறி வந்தது தலை.
செட்டைக்குப் பின்னால் ஒன்றுமில்லை,
வெள்ளரிக்காய் நறுக்கியதுபோல ஒரு முடிவு.
வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தது.
திறந்து
மூடிக்கொண்டிருந்தது.
உடம்புக்கு நடந்த சேதி
தலைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அடுத்த கம்பத்தடியில்
ரொறன்ரோவிலிருந்து வந்த பிரணவரூபன்.
மடக்குக் கம்பு, நெற்றியில் கட்டிய விளக்கு.
முள்ளின் எதிர்நாக்கை நசுக்கி வைத்திருக்கிறார்,
மீனுக்கு நோகாதாம்.
கையை நனைத்துவிட்டுத்தான் தொடுவார்.
அளப்பார், படம் எடுப்பார்,
"போ ராசா" என்று விடுவார்.
முதல் நாள் நாங்கள் சிரித்தோம்.
இரண்டாம் நாள் எமிலியான் கேட்டான்:
"அண்ணை, விடுறதை இந்த வாளிக்கை விட்டால் என்ன?"

அன்றிரவு அவர் விட்டது ஒரு கொடுவாக் குஞ்சு.
கல்லில் இறங்கி, இரு கையாலும் தாங்கி,
செவுளுக்குள் தண்ணீர் போய்வரும்வரை பொறுத்து
விரல்களைத் திறந்தார்.
அது போகவில்லை. களைத்திருந்தது.
அவருடைய கைநிழலிலேயே சற்றுச் சாய்ந்து நின்றது.
அவரை நம்பி நின்றது என்று எழுத ஆசைதான்.
மீன் நம்பாது.
இருட்டு ஒரு தரம் மின்னியது.
சத்தம்கூட இல்லை.
வெளிச்சத்துக்குள் செதில்கள்
சுற்றிச் சுற்றி இறங்கின, ஐந்தாறு,
கலியாண வீட்டு அறுகரிசிபோல.

அவர் ஈரக்கையோடு இருந்தார்.
நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.
"இறால் வேணுமோ" என்று கேட்டேன்.

இப்போதெல்லாம் பிடித்ததை வாளியில் போட்டு
தெருவைக் கடந்து
மற்றப் பக்கம், விளக்கெரியாத கண்ணில் கொண்டுபோய் விடுகிறார்.
வேலணை பஸ் கோர்ன் அடிக்கும்.
ஓடுவார், வாளி தளும்ப,
சாரத்தை மடித்துக் கட்டிய ஐம்பது வயது.
விட்டபின் காது கொடுத்து நிற்பார்.
ஒன்றும் கேட்காது.
இந்தப் பக்கத்திலும் ஒன்றும் கேட்கவில்லைத்தானே.

அதற்கு எங்களைத் தெரியும்.
நூல் விறைக்கிற அதிர்வு அதற்குச் சாப்பாட்டு மணி.
தேடவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம்.
நான் கட்டிக் கொடுக்கிறேன்,
அவர் தடவிக் கொடுக்கிறார்.
அந்த விளைமீனைப் பிடித்தது நானா அதுவா என்று
நாள் முழுக்கக் கணக்கெழுதுகிற எனக்கே
சரிவரவில்லை.

அன்றைக்குத் தலையை வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.
சொதிக்குத் தலை போதும்.
குசினியில் முள்ளைக் கழற்றும்போது
தொண்டையோரம் விரலில் தட்டுப்பட்டது
இன்னொரு முள்.
என்னுடையது அல்ல.
துருவேறி, சதை மூடி,
அரை விரல் தங்கூசியோடு.
எப்போதோ எவருடைய கையிலிருந்தோ தப்பி
அதை விழுங்கியபடியே
வளர்ந்திருக்கிறது.

தேசிக்காய் பிழிந்தபடி யசிந்தா
சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.
"மிச்சம் எங்கை?"