வெள்ளத்துக்கு ஒரு மதிப்பெண்

கதவு. பென்சில். தண்ணீர். குதிரை. சட்டை.
நான் சொல்லி முடித்ததும் திருப்பிச் சொல்ல வேண்டும்.
பெர்ஜினுக்கு ஒன்பது வயது.
மூன்றாள் உயரத்து ஆயினிக் கொம்பிலிருந்து
பழத்தோடு விழுந்தவன்.
முடியில் இன்னும் பசையும் செம்மண்ணும்.

களியக்காவிளைச் சோதனைச்சாவடிக்கு
இந்தப் பக்கம் நாங்கள்.
ஸ்கேன் அந்தப் பக்கம், திருவனந்தபுரத்தில்,
எடவப்பாதி மழையில் ஒன்றரை மணி நேரம்.
எல்லாப் பிள்ளையின் மண்டையையும் கதிருக்குக் காட்டாமல்
எந்தப் பிள்ளையை இங்கேயே வைத்திருக்கலாம்
என்பதுதான் எங்கள் ஆய்வு.
ஆறு மணி நேரம். அரைமணிக்கு ஒருமுறை டார்ச்.
மானியக் காகிதத்தில் அதற்குப் பெயர் இரண்டு வரி நீளம்.
ஹெப்சிபா சொல்வாள்:
சும்மா இருந்து பாக்கது.

அவன் அம்மா அண்டியாபீசிலிருந்து நேரே வந்திருந்தாள்.
முந்திரித்தோட்டு எண்ணெயில் கறுத்த விரல்கள்.
ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக்குப் பக்கத்தில்
யாரும் கேட்காத ஒரு ரேகையும் விழுந்தது.
"பிள்ளைக்கு ஓர்மை உண்டா டாக்டரே?"

என்ன மாதம்?
எடவம்.
நேற்று என்ன சாப்பிட்டாய்?
இன்னலெ சக்கையும் மீனும்.
படிவம் கேட்கிறது: பேச்சில் குழப்பம் உண்டா?
பேருந்து நிலையத்தில் நனைந்து நிற்கும் அத்தனை பேருக்கும்
உண்டு என்றுதான் போட வேண்டும்.

கதவு என்றான். சட்டை. குதிரை. பென்சில்.
கண்ணை மூடித் திறந்தான்.
வெள்ளம்.

நான் சுழி போட்டேன்.
ஹெப்சிபா பேனாவைப் பிடுங்கினாள்.
பொருள் வந்துவிட்டதே.
ஒலி வரவில்லையே.
"மறந்திருந்தால் வெள்ளம் எங்கிருந்து வரும்,
நீ ஊற்றினாயா?"

நான் கொள்ளிடக்கரைக்காரி.
எனக்கு வெள்ளம் என்றால்
கீழத்தெருவை ஒரே ராத்திரியில் எடுத்துப்போனது.
ஒரு வாய் குடிக்கிற பொருளாக அதை நினைக்க
இங்கே வந்து இரண்டு வருஷம் ஆயிற்று.

முப்பத்தொன்றாம் எண் பிள்ளை
ஐந்தையும் சொன்னாள், சொன்ன வரிசையிலேயே.
முழு மதிப்பெண்.
இரண்டாம் மணியில் ஒரு கண்மணி மட்டும் விரிந்தது.
நெய்யாற்றின்கரைக்கு முன்னால்
ஆம்புலன்ஸ் சைரனை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று
எனக்குத் தெரியும்.
அட்டவணையில் அந்த வரி அப்படியே இருக்கிறது,
ஐந்துக்கு ஐந்து.

பெர்ஜின் நாலாம் மணியில் பிஸ்கட் கேட்டான்.
ஆறாம் மணியில் கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினான்.
"இனி அவன் உறங்கலாமா?"
உறங்கலாம்.
பந்து வேண்டாம், டிவி வேண்டாம்,
வாந்தி வந்தால் எந்த நேரமானாலும் வாருங்கள்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.
உறங்கலாம் என்றதைத்தான் கேட்டிருப்பாள்.

சென்னைக்கு எழுதினோம்.
பதினோராம் நாள் பதில்:
இணைச்சொல் ஏற்கப்படாது.
அரை மதிப்பெண்ணைக் கணினி வாங்காது.
அடுத்த பட்டியலிலிருந்து தண்ணீரை நீக்கிவிடலாம்.
ஹெப்சிபா அதைச் சுவரில் ஒட்டினாள்,
குடிநீர்க் குழாய்க்கு மேலே.

மூன்றாம் மாதம் தொலைபேசியில் பதினாறு கேள்விகள்.
தலைவலி?
வகுப்பில் சத்தம் கூடினால் வருது.
எரிச்சல்?
தங்கச்சியை அடிக்கான். அது முன்னயும் அடிப்பான்.
கணக்குப் பாடம்?
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

பதினாறாவது:
விழுவதற்கு முன் இருந்ததுபோல் இருக்கிறானா?

மரக்கட்டைமேல் கொட்டை உடைகிற சத்தம்,
அவளுடையதா, பக்கத்தில் இருப்பவளுடையதா.
பிறகு சொன்னாள்:
"முன்ன எப்படி இருந்தாண்ணு
இப்ப எனக்கு ஓர்மை இல்ல டாக்டரே."

ஆம். இல்லை. பொருந்தாது.
மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன.
அந்தப் பக்கம் கொட்டைகள் உடைந்துகொண்டிருந்தன.
நான் போனை வைக்கவில்லை.