மூன்றாம் மதகு

ஆனியில் மூன்றாம் மதகில் உட்கார்ந்தேன்.
யாரும் கேட்கவில்லை.
வெயில் என்று நானே சொல்லிக்கொண்டேன்,
கேட்காதவர்களுக்கு.

கோரையாற்றில் தண்ணீர் வந்து நாலு நாள்.
குறுவை நடவுக்குப் பதினோரு பெண்கள்
எனக்கு முன்னால் போனார்கள்,
நான் கூட்டிப்போகும் பெண்கள்.
மேஸ்திரி பின்னால் வருவது
அன்றுதான் முதல் தடவை.

பிறகு பல்.
கீழ்த்தாடை, இடப்பக்கம், கடைசி.
கரையில் ஏறினால் குடையும்,
மதகில் உட்கார்ந்தால் விட்டுவிடும்.
கிராம்பு வைத்தேன். உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன்.
மன்னார்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில்
அறுநூறு ரூபாய் கொடுத்துப் பிடுங்கிக்கொண்டேன்.
"பல்லு நல்லாத்தானே இருக்கு" என்றார் சின்ன வயசு டாக்டர்.
"நீங்க பிடுங்குங்க தம்பி."
காகிதத்தில் மடித்துத் தந்தார்.
சொத்தை இல்லை. சோளமுத்து மாதிரி வெள்ளை.

ஆவணியில் இரண்டாம் மதகு.
பல் இல்லாத இடம் வலித்தது.

நெஞ்சு வலிக்கவில்லை, அதைச் சொல்லவேண்டும்.
சினிமாவில்போல மார்பைப் பிடித்துக்கொண்டு
நான் ஒருநாளும் சாயவில்லை.
மேல்வயிற்றில் ஒரு கனம்,
ஈர நெல்மூட்டையை இறக்கிவைத்துவிட்டு
யாரோ டீ குடிக்கப் போனதுபோல.
வாயு என்றாள் ஓரகத்தி.
வாயு என்றார் மருந்துக்கடைக்காரர்.
ஓமம், பெருங்காயம், பன்னீர் சோடா.
ஏப்பம் வந்தது. மூட்டை அங்கேயே இருந்தது.

சம்பா நடவில் என் வரிசைதான் கடைசி.
"அக்காவுக்கு வயசாச்சு" என்று சிரித்தாள் தமயந்தி.
ஐம்பத்தொன்று.
நானும் சிரித்தேன்,
சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

ஐப்பசி. அடைமழை. முதல் மதகு.
அங்கிருந்து வீடு தெரியும்,
நனையட்டும் என்று கொடியில் விட்டுவந்த புடவை தெரியும்,
எடுக்கக்கூட அன்று தெம்பில்லை.
மழையில் விறைத்து உட்கார்ந்திருக்கிறேன்,
ரவிக்கைக்குள் வேர்க்கிறது.

ஸ்கூட்டியில் வந்தாள் ஆரோக்கியமேரி,
வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை தரும் நர்ஸ்.
அந்த மழையில் நிற்காமல் போயிருக்கலாம்.
நின்றாள்.

"எப்பக்கா வலிக்குது?"
"நடந்தா."
"எப்ப நிக்குது?"
"உட்கார்ந்தா."
"நீ நடக்குறது பல்லுக்கு எப்படித் தெரியும்?"

கோட்டூரில் ஈசிஜி. அங்கிருந்தே ஆம்புலன்ஸ்.
தஞ்சாவூரில் மணிக்கட்டு வழியே கம்பி போய்
ஸ்டென்ட் வைத்துவிட்டு வந்தது.
டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார்:
"வாய்க்கால்னு வச்சுக்குங்க, இங்கே அடைப்பு."
பக்கிரிசாமி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இருபத்தாறு வருஷம் ஷட்டர் ஏற்றி இறக்கிய லஸ்கர்.
"வாய்க்கால் இப்படி இருக்காது சார்."

வீட்டுக்கு வந்த பிறகுதான்
அவர் நீர்மட்டம் எழுதும் நோட்டைப் பார்த்தேன்.
காலை ஆறு மணி, அடி, அங்குலம்.
ஓரத்தில் பென்சிலில்:
அஞ்சம்மா, 3-ம் மதகு.
பத்துப் பக்கம் தள்ளி, 2-ம் மதகு.
பிறகு 1. பக்கத்தில் ஒரு கோடு,
அதற்கு மேல் எழுதத் தெரியாததுபோல.

"ஓரடி குறைஞ்சா ஆபீஸுக்குப் போன் போடுறீங்க.
இதை யாருக்கு எழுதுனீங்க?"

விளக்கை அணைத்தார்.
இருட்டில் வெகுநேரம் கழித்து
"சாப்புட்டியா" என்றார்.
சாப்பிட்டதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

தையில் நடக்கச் சொன்னார்கள்.
பனியில் நடக்கிறேன்: முதல் மதகு, இரண்டாவது.
மூன்றாவதில் தமயந்தி உட்கார்ந்திருந்தாள்.
"தாடை வலிக்குதா? வேர்க்குதா? முதுகுல, கையில ஏதாவது?"
"செருப்பு அறுந்துபோச்சுக்கா.
ஒன்னால ஊர்ல ஒருத்தி
நிம்மதியா மதகுல உட்கார முடியல."

செருப்பைக் காட்டினாள்.
அறுந்துதான் இருந்தது.
அவள் எழுந்து நடக்கும்வரை
நான் அங்கேயே நின்றிருந்தேன்.