முப்பத்திரண்டு குதிரைகள்

விளம்பரத் தாளில் முந்நூற்றைம்பது குதிரைத்திறன்.
என் பேரேட்டில் முந்நூற்றுப் பதினெட்டு.
இரண்டுக்கும் நடுவே மேய்ந்துகொண்டிருந்த
முப்பத்திரண்டு குதிரைகளை
மோதெனா நகரில் எவரும் பார்த்ததில்லை.

அறுபத்தேழில் எனக்கு வயது இருபத்திரண்டு.
சால்தினி தொழிற்சாலையின் சோதனை அறையில்
எஞ்சினைத் தரையோடு பூட்டி
தண்ணீர்ப் பிரேக்கோடு மல்லுக்கு விடுவார்கள்.
கனத்த கண்ணாடிக்கு இப்பால் நான்,
பென்சில், பேரேடு, பஞ்சடைத்த காது.
முள் நிற்கும் இடத்தை எழுதுவது என் வேலை.
முள் நிற்காது. நடுங்கும்.
நடுக்கத்தின் நடுவை எழுதுவேன்.

பன்னிரண்டு சிலிண்டர், ஆறும் ஆறுமாய்
அறுபது பாகையில் விரிந்தவை.
ஒன்று, ஏழு, ஐந்து, பதினொன்று,
மூன்று, ஒன்பது, ஆறு, பன்னிரண்டு,
இரண்டு, எட்டு, நான்கு, பத்து:
வெடிக்கும் வரிசை இது.
பேருந்துக்குக் காத்திருக்கையில்
இன்றைக்கும் விரல் இதைத்தான் தட்டுகிறது.
ஆறு கார்புரேட்டரும் ஒரே மூச்சாய் இழுக்கவேண்டும்.
குவெரீனோ ஒவ்வொன்றின் வாயிலும் ரப்பர் குழாய் வைத்து
மறுமுனையைக் காதில் செருகிக் கேட்பான்.
"நாலாவது சீறுது."
அரைத் திருகு. மறுபடி கேட்பான்.

விளம்பரக் கணக்கு எளிது.
மின்னாக்கியைக் கழற்று, விசிறியைக் கழற்று,
சைலன்சர், காற்று வடிகட்டி, எல்லாம் கழற்று.
அம்மணமாய் ஓடுகிற எஞ்சினுக்குச் சுமையேது?
அப்போதும் முந்நூற்று நாற்பத்தொன்றுதான்.
மிச்சம் ஒன்பதை
இயக்குநர் போர்கியானி மதியச் சாப்பாட்டில் சேர்த்தார்.

நவம்பரில் போ சமவெளியின் மூட்டம்
கதவிடுக்கில் நுழையும்.
குளிர்ந்த காற்று அடர்ந்த காற்று;
மிடறுக்கு மிடறு கூடுதலாய்க் குடிக்கும் எஞ்சின்.
நான்கு குதிரை கூடும்.
பத்திரிகைக்காரர்களுக்கு அழைப்பு
நவம்பரில் மட்டும் போகும்.

லுகானோவிலிருந்து ஒரு பல் மருத்துவர் எழுதினார்:
"நீங்கள் சொன்னது மணிக்கு இருநூற்று அறுபத்தைந்து.
என் கார் இருநூற்றைம்பத்தொன்றோடு அடங்கிவிடுகிறது.
மீதிப் பதினான்கு கிலோமீட்டரை
எப்போது அனுப்பிவைப்பீர்கள்?"

குவெரீனோ குதிரை தேடப் புறப்பட்டான்.
காற்று போகும் வழிகளைக் கண்ணாடியாய்த் தேய்த்தான்.
இணைப்புத் தண்டுகளைக் கிராம் கிராமாய்ச் சீவினான்.
மூன்று வாரம். பதினொன்று கிடைத்தது.
முந்நூற்று இருபத்தொன்பது என்று எழுதி
அடியில் கோடுகூடப் போட்டேன்.
அடுத்த ஓட்டத்தில்
ஏழாயிரத்து அறுநூறு சுற்றில்
ஒன்பதாவது தண்டு முறிந்து
அலுமினிய உடலைப் பொத்துக்கொண்டு போனது.
சுவரில் கையகல ஓட்டை.
கண்ணாடியில் எண்ணெய் வழிந்தது.
குவெரீனோ ஓட்டை வழியே வெளியே பார்த்தான்.
"அதோ போகுது பதினொன்றும்."
யாரும் சிரிக்கவில்லை.
ரொம்ப நேரம் கழித்து நான் சிரித்தேன்.

மறுநாள் போர்கியானி புதுப் பேரேடு கொண்டுவந்தார்.
தோல் அட்டை. எழுது என்றார்.
எழுதினேன், மையால், அழகான கையெழுத்தில்,
முந்நூற்றைம்பது.
மாதக் கடைசி. வாடகை பாக்கி.
பழையதைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு
வீட்டுக்கு நடந்தேன்.

எழுபத்து நான்கில் பெட்ரோல் குதிரைக்கொம்பானது.
எண்பத்தேழு கார்களோடு சால்தினி கதவடைத்தது.

போன வாரம் ஏலக்கூடத்திலிருந்து ஓர் இளைஞன் அழைத்தான்.
பல் மருத்துவரின் கார் விலைக்கு வருகிறதாம்.
அவன் சொன்ன தொகைக்கு
எங்கள் தொழிற்சாலையை இரண்டு தடவை வாங்கலாம்.
"முந்நூற்றைம்பது என்றிருப்பது உங்கள் கையெழுத்துதானே?"
"கையெழுத்து என்னுடையது.
எஞ்சின் முந்நூற்றுப் பதினெட்டு."
மறுமுனையில் மூச்சு மட்டும்.
"பட்டியல் அச்சாகிவிட்டதே, சின்யோரா."
ஏலம் எந்த மாதம் என்று கேட்டேன்.
ஆகஸ்ட் என்றான்.
"அப்படியானால் வெயிலுக்கு
இன்னும் நான்கு கழித்துக்கொள்ளுங்கள்."