பின்சக்கரம் வரை இழுபடும் சீஸ்

நான்கு வாரமாக
ஒரு பீட்சாவைச் சுமந்துகொண்டு ஓட்டுகிறேன்.
பேருந்தின் இடப்பக்கம் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள்:
யாருடையதோ ஒரு கை ஒரு துண்டைத் தூக்க
சீஸ்
நடுக்கதவில் தொடங்கிப்
பின்சக்கரம் வரை இழுபடுகிறது.

ஈசூனில் புறப்பட்டுச் சுற்றிச் சுற்றி
ஈசூனுக்கே திரும்பும் தடம்.
நிறுத்தத்தில் நிற்பவர்கள்
முதலில் பீட்சாவைப் பார்ப்பார்கள்,
பிறகு எண்ணை,
என்னைக் கடைசியாக.

பலதுறை மருந்தகத்தில் அந்த இளம் டாக்டர்
பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்தார்.
கோதுமை வேண்டாம். பார்லி, ஓட்ஸ், சோளம் வேண்டாம்.
பால், தயிர், நெய், வெண்ணெய்.
பேனா அரிசியில் வந்து நின்றது.
"இதுவுமா?"
"மூன்று மாதத்துக்கு மட்டும், மேடம்.
பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கலாம்."
வெளியே வந்த பிறகும்
வரிசை எண் சீட்டைக் கையில் வைத்திருந்தேன்,
இன்னும் என்னைக் கூப்பிடுவார்கள் என்பது போல.

ஓய்வறையில் ரொஸ்னாதான் சொன்னாள்:
மரவள்ளி மாவு.
அவள் தங்கை மகனுக்கும் இதே வயிறாம்.
"ரொட்டி செய்யலாம், கேக் செய்யலாம்,
உன் பஸ்ஸில் இருக்கிறதே,
அதைக்கூடச் செய்யலாம்."

ஞாயிறு எனக்கு விடுப்பு.
மாவு, முட்டை, ஆலிவ் எண்ணெய், உப்பு, வெந்நீர்.
பேக்கிங் பவுடர் டப்பாவைக்
கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தேன்.
கடைசி வரியில், பொடி எழுத்தில்,
டிக்கெட் வாங்காதவனைப் போல் பதுங்கியிருந்தது
சோளமாவு.
இறக்கிவிட்டேன்.
ஆப்பசோடா, எலுமிச்சைச் சாறு போதும்.

கோதுமை மாவு பூனை மாதிரி,
அழுத்தினால் நெளியும், விட்டால் நிமிரும்.
இதற்கு அந்தக் குணம் கிடையாது.
கடைசி நிறுத்தத்திலும் எழாத பயணியாய்
வைத்த இடத்தில் கிடக்கிறது.
முதல் வட்டத்தைத் தட்டுக்கு மாற்றும்போது
நடுவில் பிளந்தது.
வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் என்பார்கள்.
என் வீட்டில்
வெண்ணெயே இல்லை,
தாழி மட்டும் உடைந்தது.

இரண்டாவதைத் தாளின் மேலேயே தட்டித்
தாளோடு ஓவனுக்குள் தள்ளினேன்.

சீஸ்தான் சிக்கல்.
தேக்காவில் வாங்கிய முந்திரி, இரவெல்லாம் ஊறியது.
தேங்காய்ப்பால், பூண்டு, உப்பு.
இழுபட வேண்டுமானால் ஜவ்வரிசி மாவு என்றிருந்தாள் ரொஸ்னா.
கை நின்றுவிட்டது.
ஜவ்வரிசி.
பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அரிசி, பெயரில் மட்டும்தான்;
உள்ளே அதே மரவள்ளி.
எதைத் தின்னப் போனாலும்
ஓர் அரிசியை ஓரத்தில் ஒட்டிவைத்துவிடுகிறது
நம் மொழி.

கிளறக் கிளறப் பளபளத்தது.
கரண்டியைத் தூக்கினேன்.
இழுபட்டது!
ஒரு விரற்கடை.
பிறகு அறுந்தது.
மறுபடி தூக்கினேன். மறுபடியும் விரற்கடை.
ஏழெட்டு முறை தூக்கியிருப்பேன்.
யாரும் பார்க்கவில்லை.

தக்காளி, குடமிளகாய், மேலே வறுத்த நெத்திலி.
ஓரம் கருகிய வாசனை தாழ்வாரத்துக்குப் போக
எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

விமான நிலையத்தில் பெட்டி தூக்கி முடித்து
மாசிலாமணி வந்தார்.
சட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரு துண்டு தின்றார்.
"அடை நல்லா வந்திருக்கு.
சட்னி இருக்கா?"
நான் பதில் சொல்லவில்லை.
அவர் இன்னொன்று எடுத்தார்.

நான் நான்கு துண்டு தின்றேன்.
இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து
வயிறு ஏதாவது சொல்கிறதா என்று
கேட்டுக்கொண்டிருந்தேன்.
மின்விசிறி மட்டும் பேசியது.

திங்கள் அதிகாலை, பணிமனை.
பீட்சாவை உரித்துவிட்டிருந்தார்கள்.
காப்புறுதி விளம்பரம். ஒரே குடைக்குள் நான்கு பேர்,
மழையே இல்லாமல்.
பின்சக்கரத்துக்கு மேலே
மஞ்சளாய் ஒரு கீற்று
சுரண்ட மறந்து ஒட்டியிருந்தது.
விரலை வைத்துப் பார்த்தேன்.
சரியாக ஒரு விரற்கடை.

ஏறி உட்கார்ந்து
வண்டியைக் கிளப்பினேன்.