கடிகாரம் பிடித்தவன்

சட்டப்படி ஓர் ஆடு
மருந்துத் தொட்டியில் ஒரு நிமிடம் கிடக்க வேண்டும்.
ஒரு முறையாவது தலை முங்க வேண்டும்.
அதைப் பார்க்கத்தான் வேல்ஸ் மலைகளுக்கு
என்னை அனுப்பினார்கள்,
ஒரு கடிகாரமும்
கார்பன் தாள் வைத்த சீட்டுப் புத்தகமும் கொடுத்து.

இத்வல் பண்ணையில் நானூற்றுப் பன்னிரண்டு.
கவைக்கோலால் ஒவ்வொரு கழுத்தையும் அழுத்துவான்.
எழுந்து உதறும் ஆடு.
உதறியதெல்லாம் அவன் முகத்தில்.
புறங்கையால் துடைத்துக்கொண்டு
அதே கையால் ரொட்டியைப் பிட்டான்,
எனக்கும் ஒரு துண்டு நீட்டினான்.
வேண்டாம் என்றேன்.
காற்று வரும் பக்கமாகவே நின்றிருந்தேன் நான்.
யாரும் சொல்லித் தரவில்லை,
மூக்கு சொன்னது.

இரவு தொலைபேசியில் மென்னா:
உடம்பு கொதிக்கிறது, உளறுகிறார்.
தொட்டிக் காய்ச்சல், எல்லோருக்கும் வருவதுதான் என்றேன்.
எல்லோருக்கும் வந்துகொண்டுதான் இருந்தது.

பூச்சியின் நரம்பில் ஒரு கதவு உண்டாம்,
செய்தி போனதும் சாத்திக்கொள்ள வேண்டிய கதவு.
மருந்து அதைச் சாத்த விடாது.
துடித்துத் துடித்தே சாகும் பூச்சி.
மனிதனுக்கும் அதே கதவு, அதே கீல்
என்று நான் படித்த வருடம்
இத்வல் தன் வயல்களின் பெயர்களைத்
தொலைக்கத் தொடங்கியிருந்தான்.
தேநீர்க் கோப்பைக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.
விரலை மடித்து வாயில் வைத்துச்
சீழ்க்கையடிப்பது மட்டும் கெடவில்லை.
மலையுச்சியிலிருந்து நாய் ஓடி வரும்.
எதற்குக் கூப்பிட்டோம் என்று
அதன் முகத்தையே பார்த்திருப்பான்.

பிறகு வேறு மருந்து வந்தது.
சாமந்திப் பூவின் சாரத்தைப் பார்த்துச் செய்ததாம்,
மனிதருக்கு இதமானதாம்.
அப்பாடா என்றிருந்தது எனக்கு.
சொட்டச் சொட்ட ஆடுகள்
ஓடையைத் தாண்டிப் போயின.

அடுத்த வாரம் ஓடையில் இறங்கிக்
கல்லைப் புரட்டினேன். இன்னொரு கல்லை.
அடியில் எதுவும் நெளியவில்லை.
தண்ணீர் அத்தனை தெளிவு.
முங்கி முங்கி இரையெடுக்கும் மார்வெள்ளைக் குருவி
பாறைமேல் நின்று
குனிந்தது, நிமிர்ந்தது, குனிந்தது.
முங்கவில்லை.

மென்னா ஒரே ஒரு முறை கேட்டாள்:
"நீங்கள் எழுதிய சீட்டெல்லாம் எங்கே?"
இருக்கின்றன.
ஆடுகள் நானூற்றுப் பன்னிரண்டு, தலா ஒரு நிமிடம்,
குறை ஒன்றும் இல்லை.
ஆட்டை அழுத்தியவன் எவ்வளவு நேரம் நனைந்தான்
என்று எழுத அதில் கட்டம் கிடையாது.
கையெழுத்து என்னுடையது.
நகல் ஒன்று
அவர்கள் வீட்டிலும் இருக்க வேண்டும்.